அம்பாசடரா, ஸ்விஃப்டா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணே, 1978 பெட்ரோல் அம்பாசடர் ஒன்று விலைக்கு வருகிறது. வீட்டில் புது ஸ்விஃப்ட் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு வண்டிக்குத்தான் இடம். எதை வாங்க?

ஒரே வண்டி என்றால் ஸ்விஃப்ட்தான் தம்பி. பிளாட்டினம் பாயின்ட், கார்புரேட்டர், ரேடியேட்டர் தண்ணீர், அடிக்கடி கிரீஸ் என்று அம்பாசடருக்கு எப்போதும் ஏதாவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நேரமும், கையெட்டும் தூரத்தில் பழைய மெக்கானிக் ஒருவரும் இருந்தால் இரண்டாவது வண்டியாக வாங்குங்கள், அவ்வளவு சந்தோஷம் தரும்.

கேள்வி: அம்மாவுக்கு முட்டி வலி. ஏறி இறங்க எது சுலபம் சார்?

அம்பாசடர், சந்தேகமே இல்லை. சீட் நாற்காலி உயரத்தில் இருக்கும், கூரையும் உயரம், குனிந்து நுழைய வேண்டியதில்லை. இரண்டு வண்டிக்கும் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி, கிட்டத்தட்ட ஒன்றுதான் (அம்பாசடரில் 2464 மி.மீ., இப்போதைய ஸ்விஃப்டில் 2450), ஆனால் மொத்த நீளத்தில் ஸ்விஃப்ட் கிட்டத்தட்ட அரை மீட்டர் சிறியது. எஞ்சினைக் குறுக்கே வைத்து முன் சக்கரத்தை ஓட்ட வைத்ததால் மிச்சமான இடம் அது. பார்க்கிங்கில் அந்த அரை மீட்டரின் அருமை தெரியும்.

கேள்வி: அம்பாசடர் தகரம் கனமானது, மோதினால் அதுதானே பத்திரம்?

இதை நம்பி யாரும் வாங்காதீர்கள், தயவுசெய்து. மோதும்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், நசுங்காவிட்டால் அது உள்ளே இருப்பவர் நெஞ்சுக்கும் கழுத்துக்கும்தான் போகும். அம்பாசடரின் அடிப்படை 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, அந்தக் காலத்தில் இதையெல்லாம் கணக்கில் எடுத்து வடிவமைக்கவில்லை. 78 மாடலில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஏர்பேக் கிடையாது. 2024 ஸ்விஃப்டில் அடிப்படை மாடலிலேயே ஆறு ஏர்பேக், ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) எல்லாம் உண்டு. அம்பாசடர் எடுத்தால் முதல் செலவு பிரேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் இருக்கட்டும், பெயின்ட் அப்புறம்.

கேள்வி: மைலேஜ்?

அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின் ஊருக்குள் பத்தைத் தாண்டுவதே கஷ்டம். 1197 சிசி ஸ்விஃப்டுக்கு கம்பெனி சொல்வது 24.8, நம் டிராஃபிக்கில் அவ்வளவு வராது, இருந்தாலும் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது.

கேள்வி: இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய வண்டிக்குப் போடலாமா?

போடலாம், ஆனால் பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள், பழசு ஊறி வெடித்து எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் தீ ஆபத்து. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் உள்ளே துருப்பிடிக்கும்.

கேள்வி: அந்த 78 வண்டிக்கு வின்டேஜ் நம்பர் கிடைக்குமா அண்ணே?

50 வருஷம் தாண்ட வேண்டும், அதனால் 2028 வரை பொறுங்கள். 2021 விதிப்படி அந்தப் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி மாதிரி சிலவற்றுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு சுற்று போக ஆசை என்றால் சாதாரணப் பதிவையே எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டிப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் ஆர்.சி. நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் மிதியடியைத் தூக்கி அடித்தரையில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.