ஷூட்டிங்கில் வராத சோம்பல் எடிட்டிங்கில் மட்டும் வருவது ஏன்?

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 31. சொந்த ஊர் குடியாத்தம். மனைவி வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். ஒரே பெண் குழந்தை, யு.கே.ஜி. படிக்கிறாள். நான் பேரணாம்பட்டில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். வேலையில் இருக்கும்போதே ஒரு யூடியூப் சேனல் ஆரம்பித்தேன். வட ஆற்காட்டு ஊர்கள், பழைய கோயில், கோட்டை, சந்தை, சாப்பாடு, இவைதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். 1,000 சப்ஸ்கிரைபர், 12 மாதத்தில் 4,000 மணி நேர வாட்ச் டைம் என்ற இரண்டு கணக்கையும் தாண்டி விளம்பரப் பணம் வரத் தொடங்கியதும், வீட்டில் பேசிவிட்டுப் போன வருடம் வேலையை விட்டேன்.

வேலையில் இருந்தபோது வாரம் ஒரு வீடியோ போட்டவன் நான். இப்போது நாள் முழுக்க என் கையில் இருக்கிறது, மாதம் ஒன்று போடுவதற்கே திணறுகிறேன். வெளியே போய் எடுப்பதில் குறை இல்லை. போன வாரம்கூட இருட்டோடு கிளம்பி வள்ளிமலை ஏறி எடுத்துவிட்டு வந்தேன். ஹார்ட் டிஸ்க் முழுக்க எடிட் செய்யாத ஃபுட்டேஜ்தான். பாப்பாவை வேனில் ஏற்றிவிட்டு வந்து லேப்டாப்பைத் திறப்பேன். முதலில் சேனலின் கணக்குகளைக் காட்டும் யூடியூப் ஸ்டுடியோவில் போய்ப் பழைய வீடியோ எப்படி ஓடுகிறது என்று பார்ப்பேன். கடைசி 10 வீடியோவில் இது 9-வது இடம் என்று காட்டும். மூடிவிட்டு அடுத்தவர்களின் சேனலைப் பார்க்க ஆரம்பித்தால் மதியம் ஆகிவிடும். சாப்பிட்ட பிறகு மாடி அறையில் உட்கார்ந்தால் கண் சொக்கும். மனைவி வந்து கேட்டால், எடிட் முடிந்து லேப்டாப் வீடியோவை உருவாக்கிக்கொண்டிருக்கிறது என்ற அர்த்தத்தில் 'ரெண்டரிங் ஓடுது' என்று சொல்லிவிடுகிறேன்.

விரிஞ்சிபுரம் கோயில் மதிலையும் அங்கே இருக்கும் நேரம் காட்டும் கல்லையும் வைத்து, பார்த்துப் பார்த்து ஒரு வீடியோ செய்தேன். ஓடவே இல்லை. ஒரு நாள் ஆம்பூரில் சாப்பிட்ட பிரியாணியைச் சும்மா ஒரு ஷார்ட்ஸாகப் போட்டேன், அது எங்கேயோ போய்விட்டது. அன்று ராத்திரியே உட்கார்ந்து இன்னொரு வீடியோவை எடிட் செய்து முடித்தேன். அதற்கப்புறம் எல்லோரும் பிரியாணியே போடச் சொல்கிறார்கள், எனக்குக் கை வர மாட்டேன் என்கிறது.

அப்பா லுங்கி நெசவாளர். இந்த வயதிலும் காலை 5 மணிக்குத் தறியில் உட்கார்ந்துவிடுகிறார். "நானும் சொந்த வேலைதான் செய்யறேன், எனக்கு யாருடா மோட்டிவேஷன் குடுத்தாங்க?" என்று கேட்கிறார். பதில் இல்லை. அலாரம், சுவரில் டைம்டேபிள், ஊக்கப் பேச்சுகள், எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். எதுவும் சில நாளுக்கு மேல் நிற்பதில்லை. கம்பெனியில் ஒரு நாளும் லேட்டாகப் போனவன் இல்லை நான். எனக்குச் சுயகட்டுப்பாடே கிடையாதா? பழகினால் வருமா? இல்லை, மறுபடி கம்பெனிக்கே போய்விடலாமா?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், குடியாத்தம்

---

அன்புள்ள தம்பி,

ஒரு முக்கியமான விஷயத்தை நீங்களே எழுதிவிட்டு, அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். வள்ளிமலை ஏறச் சோம்பல் வரவில்லை. ஹார்ட் டிஸ்க் நிறைந்து கிடக்கிறது. சோம்பேறியின் ஹார்ட் டிஸ்க் காலியாக அல்லவா இருக்கும்? பிரியாணி ஷார்ட்ஸ் ஓடிய ராத்திரி தூக்கத்தை விட்டு எடிட் செய்திருக்கிறீர்கள். ஆக, உழைப்பதற்கு உடம்பும் மனசும் இருக்கிறது. சிக்கல் ஒரே இடத்தில்தான் வருகிறது: ஒரு வீடியோ சரியாக ஓடாமல் போனபின், அடுத்ததை முடித்து ஊர் முன்னால் வைக்க வேண்டிய கட்டத்தில். எடிட்டிங் முடிந்தால் அடுத்தது அப்லோடு, அப்லோடு முடிந்தால் அந்த 10-ல் எத்தனையாவது என்ற எண். முடிக்காமலே இருந்தால் அந்த எண்ணும் வராது. உங்கள் மனசு கண்டுபிடித்திருக்கும் வழி இது. உங்களைக் காப்பாற்றத்தான் அது பார்க்கிறது, ஆனால் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு.

வேலையைத் தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் வருவதில்லை, அந்த நேரத்துக் கசப்பான உணர்விலிருந்து தப்பிப்பதற்காகவே பெரும்பாலும் வருகிறது என்று கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் டிமோதி பிச்சிலும் ஃபியூஷியா சிருவாவும் 2013-ல் எழுதினார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தள்ளிப்போட்டதற்காக ராத்திரி உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள் அல்லவா, அது மறுநாள் அதே நாற்காலியில் இன்னும் கொஞ்சம் கசப்பைச் சேர்த்துவிடுகிறது. பிச்சில் குழுவினர் 2010-ல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்குத் தன்னைத்தானே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டினால் திருந்துவோம் என்றுதான் நம் வீடுகளில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் திட்டு போதும் போதும் என்கிற அளவுக்கு ஏற்கெனவே விழுந்துவிட்டது.

அந்த ஸ்டுடியோ பக்கத்துக்கு வருவோம். பி.எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துப் பல சோதனைகள் செய்தார். எத்தனை முறை கொத்தினால் தீனி விழும் என்று தெரியாதபோது புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. நீங்கள் ஸ்டுடியோவைத் திறந்து திறந்து பார்ப்பதும் அப்படித்தான். விரிஞ்சிபுரம் விழுந்து பிரியாணி எழுந்தது ஏன் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட எண்ணைக் காலையில் எழுந்ததும் முதலாளியாக உட்காரவைத்துவிட்டு, 'இன்றைக்கு நான் வேலை செய்யத் தகுதியா' என்று அதனிடம் கேட்கிறீர்கள். 9-வது இடம் என்றால் உங்களுடைய வீடியோக்களிலேயே பார்வையில் அது 9-வதாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த மதிலை நீங்கள் படம் பிடித்ததில் இருந்த நயம் அந்த எண்ணில் வராது. ஆகவே முதல் மாற்றம் இது: எடிட்டிங் முடியும் வரை ஸ்டுடியோவைத் திறக்காதீர்கள். போனில் உள்ள ஸ்டுடியோ ஆப்பை எடுத்துவிடுங்கள். எண்களைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, அது உங்கள் தொழில். வாரம் ஒரு மாலை, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, மக்கள் எந்த இடத்தில் வீடியோவை விட்டுப் போகிறார்கள், எந்தத் தம்ப்நெயிலை, அதாவது முகப்புப் படத்தை, தொடுகிறார்கள் என்று பாருங்கள். அப்போது அது கணக்கு வேலையாக இருக்கும், மனசைப் பிசையாது.

அப்பா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. பதில் அவருடைய தறியிலேயே இருக்கிறது. அவருக்கு யாரும் மோட்டிவேஷன் கொடுக்கவில்லை, சரிதான். ஆனால் பாவும் நூலும் கொடுத்தது யார்? நெய்ததை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பது யார்? நம் பக்கத்துத் தறி வீடுகள் பெரும்பாலானவற்றில் ஒரு மாஸ்டர் வீவர் இருப்பார், அல்லது சங்கம் இருக்கும். பாவு முடிய வேண்டும், சரக்கு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், இத்தனை லுங்கிக்கு இவ்வளவு கூலி என்பது முன்னாலேயே தெரியும். நெய்த லுங்கி சந்தையில் எத்தனை பேருக்குப் பிடித்தது என்று அவர் ராத்திரி முழித்துக்கொண்டு பார்ப்பதில்லை. பார்க்கச் சொன்னால் அவருக்கும் கை ஓடாது என்றே நினைக்கிறேன். பேரணாம்பட்டில் நீங்கள் லேட்டாகப் போகாததற்கும் இதே காரணம்தான். நேரம், இடம், பக்கத்தில் ஆட்கள், இன்றைக்கு இவ்வளவு ஜோடி முடிய வேண்டும் என்ற கணக்கு, எல்லாம் வெளியே இருந்தன. வேலையை விட்ட அன்று சம்பளத்தோடு இவையும் போய்விட்டன. சம்பளத்துக்கு மட்டும் மாற்று வழி யோசித்தீர்கள்.

இவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருவதுதான் வேலை. இடத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் உங்கள் மாடி அறையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா? வேலூர் மாவட்ட வெயிலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சூடேறிய லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கண் சொக்குவதை மனக்குறை என்று நினைக்க வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் எடிட்டிங்கைக் காலை நேரத்துக்கும், கீழ் அறைக்கும் மாற்றிவிடுங்கள். மதியத்தை போன் பேசுவது, அடுத்த ஊரைப் பற்றிப் படிப்பது, தூங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்குவதும் சரிதான், சொந்தத் தொழிலில் அந்த ஒரு சலுகையாவது வேண்டாமா?

நேரத்துக்கு வருவோம். சுவரில் நீங்கள் ஒட்டிய டைம்டேபிள் நிற்காது, நாள் முழுவதையும் ஒரே மூச்சில் கட்டிப்போடப் பார்க்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1990-களில் செய்த ஆய்வுகள் வேறு வழி காட்டுகின்றன. 'இதைச் செய்வேன்' என்று மட்டும் முடிவெடுத்தவர்களைவிட, 'எப்போது, எங்கே உட்கார்ந்து செய்வேன்' என்பதையும் சேர்த்து முடிவெடுத்தவர்களில் இரு மடங்குக்கும் அதிகமானோர் வேலையை முடித்தார்கள். உங்களிடம் நல்ல கொக்கி ஒன்று தயாராக இருக்கிறது: பள்ளி வேன். 'வேன் தெருமுனை திரும்பியதும் உள்ளே போய், கீழ் அறை மேசையில், நேற்று விட்ட எடிட்டிங் டைம்லைனைத் திறந்து ஒரு காட்சியை வெட்டுவேன்.' ஒரே ஒரு காட்சி. அதற்குமேல் வந்தால் வரட்டும். மூட் வந்தபிறகு உட்காரலாம் என்று காத்திருந்தால் நடக்காது. பெரும்பாலான நாள்களில் கை ஓட ஆரம்பித்தபின்தான் மூட் வரும். முதல் நாள் வேலையை நிறுத்தும்போது பாதி வெட்டிய காட்சியில் நிறுத்துங்கள், மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்கவேண்டி வராது. சில நாள் தவறும். தவறிய நாளுக்கு அடுத்த நாள் சேர்த்து இரண்டு மடங்கு செய்யப் போகாதீர்கள், அங்கேதான் இதுவரை உங்கள் திட்டம் ஒவ்வொன்றும் கவிழ்ந்திருக்கும்.

ஆட்கள்தான் இதில் கஷ்டம். அப்பாவின் லுங்கியை வாங்க ஆள் இருப்பதுபோல, உங்கள் வேலையையும் எதிர்பார்த்து யாராவது இருக்க வேண்டும். உங்களைப் போல சேனல் நடத்தும் ஒருவரோடு, காட்பாடியிலோ வாணியம்பாடியிலோ இருந்தாலும் பரவாயில்லை, வியாழக்கிழமை ராத்திரி ஒருவர் அரைகுறையாக முடித்த வீடியோவை மற்றவர் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக என்பதுதான் முக்கியம். முடிந்த வீடியோவுக்குக் கருத்துக் கேட்டால் அது மறுபடி பரீட்சை ஆகிவிடும். மனைவியை இந்த மேற்பார்வைக்கு வைக்காதீர்கள். நாள் முழுக்க ரத்தப் பரிசோதனைக் குழாய்களோடு நின்றுவிட்டு பஸ் பிடித்து வருகிறவர் அவர். ஆனால் 'ரெண்டரிங் ஓடுது' என்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். 'இன்றைக்கு உட்காரவே முடியலை' என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அவருக்கு அது தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரியாணி விஷயம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்களும் பல வருடம் ஆராய்ந்து சொன்னது: தானாக விரும்பிச் செய்கிறோம், இதில் எனக்குத் திறமை கூடுகிறது, மனிதர்களோடு சேர்ந்திருக்கிறேன் என்ற மூன்றும் இருந்தால்தான் வேலையில் ஈடுபாடு நிலைக்கும். கூட்டம் கேட்கிறதே என்று எடுக்கும் பிரியாணியில் முதலாவது அடிபடுகிறது. ஆனால் வீட்டுச் செலவு என்று ஒன்று இருக்கிறதே, அதனால் 'மனசு சொல்வதை மட்டும் செய்யுங்கள்' என்று நான் சொல்ல மாட்டேன். பிரியாணியை நீங்களே ஒரு கூலி வேலையாக அறிவித்துவிடுங்கள்: மாதத்தில் இத்தனை, இந்த அளவில், எளிதாக முடிக்கக் கூடியவை. மற்ற நாள்கள் மதிலுக்கும் மலைக்கும். நீங்கள் விரும்பினால் இரண்டையும் சேர்க்கவும் வழி இருக்கிறது. ஆம்பூர் பிரியாணியோடு வரும் கத்தரிக்காய்த் தொக்கைத் தேடிக்கொண்டு போனால் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடியின் முள்ளுக் கத்தரிக்காயில் போய் நிற்கலாம், அது உங்கள் பாணிக் கதைதான். இன்னொன்று, உங்களுக்கே தெரிந்திருக்கும்: நீள வீடியோவின் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் எடுத்தவருக்கு வருகிறது. ஷார்ட்ஸில் கணக்கே வேறு: விளம்பரப் பணத்தைப் பொதுவாகச் சேர்த்துப் பார்வைக்குத் தக்கபடி பிரிப்பார்கள், எடுத்தவரின் கணக்கில் விழும் பங்கில் 45 சதவீதம்தான் அவருக்கு. பார்வை எண் பெரிதாக இருப்பதும் பணம் பெரிதாக இருப்பதும் ஒன்றல்ல.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். எடிட்டிங் மட்டும்தான் கசக்கிறதா, அல்லது குழந்தையோடு விளையாடுவது, சாப்பாடு, பைக் பயணம் எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேலாகச் சப்பென்று ஆகிவிட்டதா? தூக்கம் கெட்டிருக்கிறதா? வள்ளிமலை போய் வந்ததைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. இருந்தால், இந்த யோசனைகளை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலும் பார்க்கிறார்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

கம்பெனிக்குத் திரும்புவதா என்ற கேள்விக்கு இன்றைய மனநிலையில் பதில் தேடாதீர்கள். யூடியூப் விளம்பரப் பணத்தைக் கொடுக்கும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும், சேராத மாதம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். அதனால் ஒரு மாத வரவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மேலே சொன்ன ஏற்பாட்டில் மூன்று மாதம் வேலை செய்யுங்கள். பிறகு மனைவியோடு பாஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மாதம் எவ்வளவு வந்தால் தொடரலாம், எவ்வளவுக்குக் கீழே போனால் அரை நாள் வேலை ஒன்று தேடலாம் என்று இருவரும் சேர்ந்து ஒரு தொகையை எழுதுங்கள். உட்காரும் தேதியை மட்டும் இன்று ராத்திரியே அவரிடம் கேட்டு முடிவு செய்துவிடுங்கள், அவருடைய ஷிஃப்ட் இல்லாத நாளாகப் பார்த்து.