கொழுந்து நிறுவை முடிந்தபின் போங்கள்

கேள்வி: மதிப்புக்குரிய டொக்டர் அம்மா, கொழும்பில் சமுதாய மருத்துவத்தில் பட்டப்பின் படிப்பைத் தொடங்கியிருக்கிறேன். நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் கர்ப்பிணிகளின் இரத்தசோகை பற்றி ஆய்வு செய்ய விருப்பம். என் மேற்பார்வையாளர் புள்ளிவிபரத்தில் வல்லவர். ஆனால் தோட்டத்தில் வேலை செய்து பழகியவர் அல்லர். நானோ வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு வழிகாட்ட யாரைத் தேடுவது?
- இளம் மருத்துவர், கொழும்பு 6

பதில்: பிள்ளை, உங்கள் மேற்பார்வையாளரை விட்டுவிடாதீர்கள். எத்தனை பேரைச் சோதிப்பது, எண்களை எப்படி வாசிப்பது என்பதையெல்லாம் அவரிடமே கற்க வேண்டும். ஆனால் உங்களுக்கு இன்னோர் ஆசிரியையும் தேவை. தோட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் குடும்பநல உத்தியோகத்தர்தான் அவர். எனக்கு ஆய்வு கற்றுக்கொடுத்தவர் அப்படி ஒருவர்.

1994இல் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வினாக்கொத்தோடு போனேன். "இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் எடுக்கிறீர்களா?" என்று கேட்டேன். எல்லாத் தாய்மாரும் ஆம் என்றார்கள். படிவம் முழுக்க 'ஆம்'. இரத்தத்தின் அளவு மட்டும் ஏறவில்லை. மூன்றாவது வாரம் அந்தக் குடும்பநல உத்தியோகத்தர் அம்மா என்னை ஒரு லயத்து வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர் கேட்டதும், அந்த வீட்டுப் பெண் தயங்கித் தயங்கி ஒரு பால்மா டின்னை எடுத்துவந்து திறந்தாள். உள்ளே இரண்டு மாத மாத்திரைகள். விழுங்கினால் வயிறு கலக்குகிறது, மலையில் எங்கே போவது என்று கேட்டாள். அவள் கொழுந்து பறித்த மலையில் கழிப்பறை இல்லை. என் வினாக்கொத்தில் கழிப்பறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கேள்வியை எந்த நூலகத்திலும் நான் கண்டெடுத்திருக்க மாட்டேன். ஆகவே வினாக்கொத்தை எழுதும் முன்பே அங்கே போங்கள். குறைந்தது இரண்டு வாரமாவது குடும்பநல உத்தியோகத்தரின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து, வாயை மூடிக் காதைத் திறந்து வையுங்கள்.

நேரம் பார்த்துப் போவதும் முக்கியம். காலை பத்து மணிக்கு ஒரு பெண்ணை நேர்காணலுக்கு அழைத்தால் அன்றைய கொழுந்து குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும். உங்கள் ஆய்வுக்காக அவள் ஏன் கூலியை இழக்க வேண்டும்? மாலை நிறுவை முடிந்து, பிள்ளைமடுவத்தில் குழந்தையைத் தூக்க வருவாள். பதினைந்து நிமிடம் கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வீட்டில் அடுப்பு காத்திருக்கிறது. சம்மதப் படிவத்தில் 'இரத்தசோகை' என்று மட்டும் எழுதாமல், 'இரத்தம் குறைவு' என்றும் எழுதுங்கள்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் ஏறக்குறைய 17 வீதம். தோட்டங்களில் சுமார் 32 வீதம். தாயின் இரத்தமும் எடையும் அந்தப் பிள்ளையின் கதையில் ஒரு பகுதி. இந்த இடைவெளியைத் திரும்பத் திரும்ப அளந்துவிட்டோம். அதன் காரணங்களை அந்தத் தாய்மாரிடமிருந்தே அறிந்து வாருங்கள்.

இன்னொன்று, என் மனதை இன்றும் உறுத்துவது. என் முதல் ஆய்வின் முடிவை அந்தத் தோட்டத்துக்கு நான் கொண்டுபோகவே இல்லை. கட்டுரை அச்சேறியது, எனக்குப் பட்டம் கிடைத்தது; டின்னைத் திறந்து காட்டியவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முடிவைச் சொல்லப் போகும் பயணத்துக்கும் இப்போதே பணமும் நாளும் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: மருத்துவம் படித்த என் மகன் ஆராய்ச்சிக்காகக் கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்கிறான். கொழும்பை விட்டால் அவன் முன்னேற்றம் கெடாதா?
- ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் நம்பாமல் 2012-2013இல் நாடெங்கும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 80,000 பேர் கடிபடுவதும், நானூறுக்கு மேற்பட்டோர் இறப்பதும் அப்போதுதான் தெரியவந்தது. பதிவேடுகள் காட்டிய கணக்கு இதைவிட மிகக் குறைவு. இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது. சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் மூக்கு நிமிர்ந்த குழிவிரியன் அந்த நான்கில் இல்லை. அது கடித்துச் சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்கள். உங்கள் மகன் கற்க வேண்டிய நோயாளி அங்கேதான் வந்து படுக்கிறார். அங்கே அவனைப் பொறுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்க மூத்த வைத்தியர் ஒருவர் இருக்கிறாரா என்பதை மட்டும் விசாரியுங்கள். இருந்தால், சந்தோஷமாக அனுப்பிவையுங்கள்.