கோலாலம்பூரில் வரிசை வீட்டில் நாய் வளர்க்கிறோம். நாய் என்றால் குரைக்கத்தானே செய்யும், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆகவில்லை. மாநகர மன்றத்தில் புகார் செய்வேன் என்கிறார். என்ன செய்யலாம்?

"நாய் என்றால் குரைக்கத்தானே செய்யும்" என்று கேள்விக்குள்ளேயே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் இதையே சொல்லியிருப்பீர்கள், அவருக்கு எரிச்சல் ஏறியதும் அதனால்தான் இருக்கும்.

கோலாலம்பூரில் வரிசை வீடு என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். இருபதடி அகலம், நடுவில் ஒரே சுவர், நாய் முன்பக்கப் போர்ச்சில் (கார் நிறுத்தும் முன்முற்றத்தில்) என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காண்டோ எனும் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு, கீழே தனியாகச் சொல்கிறேன். நாய்ப் பிரியர்கள் பின்னூட்டத்தில் பாய்வதற்கு முன் ஒன்று: நாய் வளர்ப்பதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் நாயைப் பிடிக்காதவர் பிடித்துப்போகும்படி மாற வேண்டிய கடமை எதுவும் அவருக்குக் கிடையாது. வேலை முழுக்க வளர்ப்பவர் தலையில்தான். இதைச் சொன்னால் பலருக்கு ரோஷம் வருகிறது.

முதலில் சத்தம். வரிசை வீட்டில் மாஸ்டர் பெட்ரூம் பெரும்பாலும் போர்ச்சுக்கு நேர் மேலே, முன்பக்கம். உங்கள் நாய் போர்ச்சில் நின்று குரைத்தால் பக்கத்து வீட்டுக்காரரின் தலையணைக்குப் பத்துப் பன்னிரண்டு அடியில் குரைக்கிறது. மேலே தகரக் கூரை போட்டிருந்தால் சத்தம் அதில் பட்டுத் திரும்பித் தெருவுக்கே பரவும். நீங்கள் பின்பக்க அறையில் படுப்பவராக இருந்தால் உங்களுக்கு அதில் பாதிகூடக் கேட்காது. "எங்களுக்கே தொல்லையாக இல்லையே" என்று உரிமையாளர்கள் மனசாரச் சொல்வது இதனால்தான். பொய் சொல்லவில்லை, அவர்கள் காதுக்கு அது வருவதில்லை.

எதற்காகக் குரைக்கிறது என்று தெரியாமல் எதையும் வாங்கிப் பணத்தை விடாதீர்கள். ஒரு பழைய கைப்பேசியை ஜன்னலில் வைத்து மூன்று நாள் பதிவு செய்யுங்கள், நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தையும் சேர்த்து. மணியைக் குறித்துப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். காலையில் பள்ளி வேன், பகலில் பார்சல் மோட்டார் சைக்கிள், நள்ளிரவில் லோங்காங்கில் (சாக்கடையில்) ஓடும் எலியும் பூனையும் என்றால் அது காவல் குரைப்பு. நீங்கள் கேட்டைப் பூட்டிப் போன சில நிமிடங்களில் தொடங்கி ஊளையாக நீண்டால் தனிமை தாங்காத குரைப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

காவல் குரைப்புக்கு முதல் வேலை பார்வையை மறைப்பது. கேட்டின் உள்பக்கம் நான்கடி உயரத்துக்கு ஒளி ஊடுருவாத பாலிகார்பனேட் தகடு, கேபிள் டை போட்டுக் கட்டினாலே போதும், வெல்டிங் வேண்டாம். கீழே இரண்டு அங்குலம் விடுங்கள், காற்றுப் போக. அதற்கு மேல் விட்டால் நாய் அங்கே மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டு கால்களைப் பார்த்துக் குரைக்கும், செலவு வீண். கேட்டை மேல்வரை மூடவும் வேண்டாம், நம் ஊர் வெயிலில் போர்ச் அடுப்பாகிவிடும். இரண்டாவது வேலை இடம் மாற்றுவது. இரவு பத்து முதல் காலை ஏழு வரை நாய் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பின்பக்க வெட் கிச்சனில் கட்டுவது தீர்வாகாது. பின்சந்துக்கு அப்பால் எதிர்வரிசைக்காரரின் பின்னறை இருக்கிறது, புகார் அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

மூன்றாவது பழக்குவது. அவித்த கோழியைப் பட்டாணி அளவு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், உப்பும் வெங்காயமும் படக்கூடாது. வீட்டில் ஒருவர் தூரத்தில் மோட்டார் சைக்கிளை முடுக்கட்டும். சத்தம் கேட்டு நாய் காதைத் தூக்கும்போதே, குரைப்பதற்கு முன், ஒரு துண்டு. ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு முறை, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சில வாரம் பிடிக்கும். எங்கே கெடுகிறது என்றால், நாய் குரைத்ததும் வீட்டுக்குள்ளிருந்து "டேய், சும்மா இரு!" என்று கத்துகிறோமே, அங்கே. நாய்க்கு அது நீங்களும் சேர்ந்து குரைப்பதுபோல. குரைத்தால் உள்ளே விடுவார்கள் என்று ஏற்கெனவே பழகிய நாயைக் கண்டுகொள்ளாமல் விட்டால் முதலில் சில நாள் குரைப்பு கூடும், பிறகுதான் இறங்கும். கூடிய அன்றைக்கே மனம் இளகிக் கதவைத் திறந்தால், இன்னும் கொஞ்சம் கத்தினால் கிடைக்கும் என்றுதான் அது படிக்கும். அந்தச் சில நாளைப் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தனிமைக் குரைப்புக்குக் கேட் மறைப்பு உதவாது. வெளியே போய் முப்பது விநாடியில் திரும்புங்கள், பிறகு ஒரு நிமிடம், மூன்று, பத்து என்று கூட்டுங்கள். நாய் பதறுவதற்குள் திரும்பிவிடுவதுதான் சூட்சுமம். இதற்கு முன் காலையில் அரைமணி நேரமாவது நடை வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வேகும், எனவே வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டுவது எல்லாவற்றையும் மோசமாக்கும். மின்னதிர்ச்சிப் பட்டையை வாங்காதீர்கள். தெருவில் யார் போனாலும் வலிக்கிறது என்று நாய் முடிச்சுப் போட்டால், குரைத்த நாய் கடிக்கிற நாயாகிவிடும்.

அடுத்து ஈரம். பக்கத்து வீட்டுக்காரர் மலாய்க்காரரா என்று நீங்கள் எழுதவில்லை. மலாய்க்காரராக இருந்தால் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நம்மவர்கள் இதைப் பெரும்பாலும் தப்பாகத்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள். இங்கே முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில் நாயும் உலர்ந்து, தொட்ட இடமும் உலர்ந்திருந்தால் கழுவ வேண்டியதில்லை. எச்சில், மூக்கீரம், மழையில் நனைந்த ரோமம் பட்டால்தான் 'செர்த்து': ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த நீர். இதற்கென்றே களிமண் சோப்பும் கடைகளில் விற்கிறது. ஆகவே அவர் ஒதுங்குவது பெரும்பாலும் ஈரத்துக்காக. அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டால் தேவையில்லாமல் ஒரு பகை. செய்ய வேண்டியவை சின்னவைதான். போர்ச்சை ஹோஸ் வைத்து அடித்துத் தண்ணீரை அவர் வாசல் லோங்காங் பக்கம் தள்ளாதீர்கள், வாளியில் கழுவி உங்கள் வீட்டு வடிகாலில் விடுங்கள். நாய் அவருடைய செருப்பையோ காயும் துணியையோ நக்கிவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள். தெரிந்தால் கழுவிக்கொள்வார், பிறகு தெரியவந்தால் உங்களை நம்பவே மாட்டார். நாயின் போர்வையைச் சுயசேவை டோபியில் போடாதீர்கள். இதற்கு இன, மத வித்தியாசம் கிடையாது, அடுத்து அதே இயந்திரத்தில் குழந்தைத் துணி போடுகிறவர் யாராக இருந்தாலும் கோபப்படுவார்.

நடைக்குப் போகும்போது கயிறு ஒன்றரை மீட்டர். நீண்டு சுருங்கும் கயிறு வேண்டாம், திருப்பத்தில் நாய் உங்களுக்கு முன்னால் போய் யார் மீதாவது மோதும். எதிரே வருபவர் தயங்கினால் தெருவைக் கடப்பது நீங்கள்தான். "ஒன்னும் செய்யாது, பயப்படாதீங்க" என்பது பயந்தவரிடம் சொல்கிற பேச்சல்ல. பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கிழியும். மலத்தை மண்ணில் விட்டால் மழையில் கரைந்துவிடும் என்பது தவறு. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈரமண்ணில் ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கும் நிலைக்கு வந்துவிடும், வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளுக்குக் காலில் நெளிநெளியாகத் தடிப்பு வருவது அதனால். கேட் தூணில் சிறுநீர் கழித்தால் கையிலுள்ள தண்ணீரை ஊற்றுங்கள். வீட்டில் நாற்றம் போகப் பாதித் தண்ணீர், பாதி வினிகர் போதும். குளோராக்ஸை (பிளீச்) நேரே சிறுநீர் மேல் ஊற்றாதீர்கள், சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

கேட்டைத் திறந்து போட்டு "குரைக்கிற நாய் கடிக்காது" என்கிறவர்களும் இருக்கிறார்கள். கடிக்கும். பயத்தில் குரைக்கிற நாய் தப்பிக்க வழி கிடைக்காவிட்டால் கடிக்கக்கூடும். இதைப் படிக்கும் நாய் பிடிக்காதவர்களுக்கு: ஓடாதீர்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் திரும்பிக் கையை மடக்கி நில்லுங்கள், பையை நடுவில் பிடியுங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அதற்குப் பிறகு கிளினிக். நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள், நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். 2015இல் பினாங்கிலும் கெடாவிலும் பெர்லிசிலும் வெறிநாய்க்கடி நோய் வந்தது, 2017இலிருந்து சரவாக்கில் ஆட்களே இறந்திருக்கிறார்கள். நம்ம ஊரில் அதெல்லாம் இல்லை என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

மன்றத்துப் புகாருக்கு வருகிறேன். உங்களிடம் உரிமம் இருக்கிறதா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதனால் சந்தேகமாக இருக்கிறது. எத்தனை நாய் வைக்கலாம் என்பது மன்றத்துக்கு மன்றம், வீட்டின் வகைக்கு வகை மாறும். உரிமம் எடுத்து, வில்லையைக் கழுத்துப் பட்டையில் மாட்டி, ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். அது இல்லாமல் எந்த நியாயமும் எடுபடாது. பிட் புல்லுக்கு நாட்டில் இறக்குமதித் தடை. ராட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு எல்லாம் கால்நடைச் சேவைத் துறையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. நாய் யாரையாவது காயப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் தண்டனைச் சட்டம் 289ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறைக்கு இடமுண்டு.

காண்டோக்காரர்களுக்கு: 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் 14ஆம் துணைவிதியைப் படியுங்கள். மற்றக் குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் விலங்கை வைக்கக்கூடாது. நிர்வாகம் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தால் மூன்று நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும், மறுத்தால் அவர்களே அகற்றிச் செலவை உங்கள் கணக்கில் போடலாம். வாங்குமுன், வாடகைக்குப் போகுமுன், அந்தக் கட்டடத்தின் கூடுதல் துணைவிதிகளையும் கேட்டு வாங்குங்கள். வீட்டு ஏஜெண்டு "எல்லாரும் வச்சிருக்காங்க" என்பதை நம்பினால் நாய்க்குத்தான் கஷ்டம்.

புகார் செய்யப்போகிறவருக்கும் ஒரு வழி இருக்கிறது: தேதி, மணி, காணொளி, பிறகு ருக்குன் தெதாங்கா (அக்கம்பக்கத்தார் சங்கம்), அதன் பிறகு மன்றம். விஷம் வைப்பது வழியே இல்லை. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், 772ஆம் எண், அபராதம் குறைந்தது 20,000 வெள்ளி, கூடியது ஒரு லட்சம், மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். நாய் திடீரென்று எச்சில் ஒழுக்கி, கண்மணி சுருங்கி, உடல் நடுங்கினால் பூச்சிமருந்தாக இருக்கலாம், அப்போது நிமிடக் கணக்கு. எலிமருந்து அப்படியல்ல, மூன்று நான்கு நாள் கழித்து ஈறு வெளுத்து இரத்தம் கசியும், அதற்கு வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே கொல்லும். மிச்சம் கிடந்த தீனியைப் பையில் கட்டி, படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். போலீஸ் புகார் அதற்குப் பிறகு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அலையும் நாய்களைக் காட்டி எல்லா வளர்ப்பாளரையும் திட்டுகிறார்களே, அந்த நாய்களில் எத்தனை கட்டுமானத் தளத்திலிருந்து வந்தவை? இரும்புக் கம்பி திருடுபோகாமல் காவலுக்கு நாலு நாய் வைப்பார்கள், கருத்தடை கிடையாது. ஒரு பெட்டை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை சூட்டுக்கு வரும், அறுபத்து மூன்று நாளில் குட்டி. கட்டடம் எழும்பியதும் வேலி போகும், தொழிலாளர்கள் போவார்கள், நாய்கள் மட்டும் அங்கேயே. பிறகு மன்றத்து வண்டி வந்து பிடித்துப் போகும். சாவி வாங்கிய புது வீட்டுக்காரர் முதல் வாரமே "ஸ்ட்ரே டாக்" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ஒப்பந்தக்காரரை ஒருவரும் கேட்பதில்லை.

சரி, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், பலகாரத் தட்டும் வேண்டாம். தனியாகப் போய், "அண்ணே, நாய் உங்களுக்குத் தொந்தரவா இருக்குன்னு தெரியுது. எந்த நேரம் ரொம்பக் குரைக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, குறிச்சிக்கிறேன்" என்று கேளுங்கள். அவர் சொல்லும் மணியையும் உங்கள் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்து அங்கிருந்து ஆரம்பியுங்கள். விடியற்காலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது ஊளையிடுகிறது என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள், ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும் அதேபோல ஊளையிடும், நீண்ட ஒரே சுருதி அதைத் தூண்டுகிறது. பத்து நிமிடம் முன்னால் உள்ளறைக்குக் கொண்டுபோய் ஃபேனைப் போட்டுவிடுங்கள்.

தீபாவளிக்கும், சீனப் பெருநாளின் எட்டாம் நாள் நள்ளிரவில் ஹொக்கியன்காரர்கள் (சீனர்களில் ஒரு பிரிவினர்) தீ கோங் என்னும் வானக் கடவுளைக் கும்பிடும்போதும் அன்று மாலையே நடை முடித்து, கேட்டைப் பூட்டி, கழுத்துப் பட்டையில் இரண்டு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கி, உங்கள் தொலைபேசி எண்ணை வில்லையில் எழுதி வையுங்கள். பட்டாசில் மிரண்டு ஓடும் நாய் பக்கத்து வீட்டுப் போர்ச்சில்தான் முதலில் ஒளியும்.