ஜப்பானில் ஊரோடு சேர்ந்து குளிக்க: கேள்வி பதில்

கே: ஆன்சென், செந்தோ இரண்டில் எதற்குப் போனால் உள்ளூர் வாழ்க்கை தெரியும்?

ப: செந்தோ. ஆன்சென் என்பது வெந்நீர் ஊற்று. 1948-ம் ஆண்டுச் சட்டப்படி ஊற்றுநீர் 25 டிகிரிக்குக் குறையக்கூடாது, அல்லது சட்டம் சொல்லும் 19 பொருள்களில் ஒன்றாவது போதிய அளவு இருக்கவேண்டும். அங்கே ஜப்பானியர்களும் பெரும்பாலும் சுற்றுலாவாகத்தான் வருவார்கள். செந்தோ என்பது தெருவிலிருக்கும் குளியல் கடை. பெரும்பாலும் சாதாரணத் தண்ணீரைக் காய்ச்சி விடுவது. டோக்கியோவில் பெரியவருக்கு 550 யென் (2024 ஆகஸ்டில் ஏறிய விலை). அநேகமாக மாலை 3, 4 மணிக்குத்தான் திறக்கும். காலையில் போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

கே: உள்ளே போனதும் என்ன செய்யவேண்டும்? வரிசையாகச் சொல்லுங்கள்.

ப: வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் உள்ள எழுத்தின் தலையில் நாலு கட்டம் போட்ட சதுரம் இருந்தால் ஆண்கள் பக்கம். சில ஆன்சென் விடுதிகளில் இரண்டு பக்கத்தையும் நேரம் பார்த்து மாற்றுவார்கள். நேற்றுப் போன கதவு என்று இன்றும் நுழையாதீர்கள்.

உடுப்பு முழுவதையும் கழற்றிவிட்டுச் சின்னத் துண்டும் சோப்பும் மட்டும் எடுத்துப் போங்கள். தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து தேய்த்துக் குளியுங்கள். நின்றுகொண்டு ஷவரைத் திருப்பினால் பக்கத்தில் இருப்பவர் முகத்தில் நுரை தெறிக்கும். நுரை ஒரு சொட்டு இல்லாமல் அலசியபின்தான் தொட்டி. துண்டு தண்ணீரில் படக்கூடாது. மடித்துத் தலையில் வையுங்கள். நீளமுடி என்றால் கொண்டை. முதல் தடவை ஐந்து நிமிடம் போதும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். முக்காலியை அலசி வைத்து, உடம்பைத் துடைத்துக்கொண்டு உடுப்பறைக்கு வாருங்கள்.

கே: உள்ளாடையோடு இறங்கலாமா?

ப: கூடாது.

கே: எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகலாமா?

ப: வேண்டாம். எண்ணெய் தொட்டியில் மிதக்கும், தரை வழுக்கும். எண்ணெய்க் குளியலை அறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கே: கொலுசு, மெட்டி?

ப: கந்தக ஊற்று என்றால் வெள்ளி கறுத்துவிடும். அறையிலேயே கழற்றி வையுங்கள்.

கே: தண்ணீர் கொதிக்கிறதே, குழாயைத் திறந்து விளாவிக்கொண்டால் என்ன?

ப: செந்தோவில் 42, 43 டிகிரி சாதாரணம். தொட்டி எல்லோருக்கும் பொது. இருப்பவர்களைக் கேட்டுவிட்டு, குழாய் ஓரமாக உட்கார்ந்து கொஞ்சம் திறந்து, உடனே மூடுங்கள். சூடு குறைந்த தொட்டி தனியே இருந்தால் அதற்கே போங்கள்.

கே: காசு கொடுத்தவருக்கு விளாவக்கூட உரிமை இல்லையா?

ப: காசு பக்கத்தில் இருப்பவரும் கொடுத்திருக்கிறார். அந்தச் சூட்டுக்காகவே தினமும் வருகிற தாத்தாவுக்கு நீங்கள் விளாவியது வெறும் வெதுவெதுப்பு. குசாட்சு ஊரில் ஊற்று 50 டிகிரிக்கு மேல் வருகிறது. விளாவினால் நீர்த்துப்போகும் என்று நீளப் பலகைகளால் தண்ணீரைப் புரட்டிப் புரட்டி ஆற்றுகிறார்கள். அதற்கு யுமோமி என்று பெயர்.

கே: ஆற்றவும் விடாமல், விளாவவும் விடாமல்... குழாய் எதற்கு வைத்திருக்கிறார்கள்?

ப: கேட்டுவிட்டுத் திறப்பதற்கு. "மிசு இரேதெமோ ஈதெசுகா?" தண்ணீர் விடலாமா என்று பொருள். சரி என்று தலையாட்டினால் திறங்கள். இந்தப் பேச்சு இத்தோடு போதும்.

கே: கையில் பச்சை குத்தியிருக்கிறேன்.

ப: பல விடுதிகள் விடாது. தெருச் செந்தோக்கள் பெரும்பாலும் விடும். கினோசாகி என்ற ஆன்சென் ஊரின் பொதுக் குளியல்களிலும் தடையில்லை.

கே: எட்டு வயதுப் பையனை அம்மா பக்கம் கூட்டிப்போகலாமா?

ப: டோக்கியோவில் 2022 முதல் 7 வயதானால் எதிர்ப்பக்கம் கூடாது.

கே: மாதவிடாய் நாட்களில்?

ப: தொட்டி வேண்டாம், ஷவரோடு நிறுத்துங்கள்.

கே: விடுதிச் சாப்பாடு சைவமா?

ப: முன்கூட்டிச் சொல்லாவிட்டால் குழம்பில் மீன் சாறு இருக்கும். மற்றதைச் சாப்பாட்டுக்காரரிடம் கேளுங்கள்.

கே: நீச்சல் உடை?

ப: உள்ளாடைக்குச் சொன்னதுதான்.