நூறு ரூபாய்க் கூப்பனும் நாலு மால் டூரும்

கேள்வி: கோவையில் சிறிய வீடியோ கேம் கடை வைத்திருக்கிறேன். கோவையில் இரண்டு, சென்னையிலும் மதுரையிலும் ஒவ்வொன்று என நான்கு மால்களில், ஒவ்வொன்றிலும் ஒரு சனி, ஞாயிறு பிளேஸ்டேஷன் 5 கன்சோலை வைத்து மக்களை விளையாடிப் பார்க்க விடலாம் என்று ஒரு ஏஜென்ட் திட்டம் கொடுத்திருக்கிறார். மொத்தம் 6 லட்சம் ரூபாய், பாதி முன்பணம். அனுமதிகளை எல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம். 100 ரூபாய்க் கூப்பன் விற்று, குலுக்கலில் ஒரு கன்சோலைப் பரிசாகக் கொடுத்தால் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார். வெளிநாட்டிலிருந்து தருவித்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவிகளையும் வைக்க நினைக்கிறேன். சட்டச் சிக்கல் ஏதாவது வருமா?

பதில்: முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். கொடுத்திருந்தால் இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக ரசீது கேளுங்கள்.

ஏஜென்டைப் பற்றிப் பிறகு பேசுவோம். அவரால் உங்கள் பணம்தான் போகும். அந்தக் கூப்பனால் நீங்கள் காவல் நிலையத்துக்கே போக நேரிடலாம். அதனால் கூப்பன் முதலில்.

பணம் வாங்குகிறீர்கள்; யாருக்குக் கிடைக்கும் என்பதை அதிர்ஷ்டம் முடிவு செய்கிறது; கிடைப்பது ஒரு பொருள். இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்கு லாட்டரி என்று பெயர். 'லக்கி டிரா', 'பம்பர் பரிசு', 'வாடிக்கையாளர் திருவிழா' என்று எதை எழுதி ஒட்டினாலும் உள்ளே இருப்பது அதுதான். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரி முழுவதுமாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. அது போதாதென்று, அரசின் அனுமதி இல்லாமல் குலுக்கல் நடத்த இடம் வைத்திருப்பதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆவது பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதை விளம்பரப்படுத்துவதற்குத் தனி அபராதம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294ஏ என்று இருந்ததுதான் இது. எண் மாறியிருக்கிறது, விஷயம் மாறவில்லை.

வாளையாறு தாண்டினால் தெருவுக்குத் தெரு சீட்டு விற்கிறார்களே என்று கோவைக்காரர் எவரும் கேட்பார். அது கேரள அரசு நடத்தும் லாட்டரி. அரசு நடத்துவதைப் பார்த்து நாமும் நடத்த முடியாது. ஃபிளெக்ஸில் யார் பெயர் இருக்கும் என்பதையும் யோசியுங்கள். உங்கள் கடைப் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். ஏஜென்டின் பெயர் எங்கேயும் இருக்காது. அவர் அப்படித்தான் வைத்துக்கொள்வார்.

இதைச் சொன்னவுடன் அவர் அடுத்த சீட்டை எடுப்பார்: "அப்படியானால் விற்க வேண்டாம், பில்லோடு இலவசமாகக் கொடுத்துவிடலாம்." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளை விற்பதற்காகக் குலுக்கலோ போட்டியோ நடத்துவதை முறையற்ற வணிக நடைமுறைப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. பரிசின் விலையைப் பொருளின் விலைக்குள் மறைத்துவிட்டு இலவசம் என்பதும், திட்டம் முடிந்தபின் முடிவை அறிவிக்காமல் விடுவதும் அதே பட்டியலில் உள்ளவை. பெரிய நிறுவனங்கள் நடத்துகின்றனவே என்பீர்கள். அவற்றுக்குச் சம்பளத்துக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு இருப்பது ஒரு கடை.

சரி, பரிசே கொடுக்கக் கூடாதா? கொடுக்கலாம். ஒரு வழி இருக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பாதி புரிந்துகொண்டு மாட்டிக்கொள்பவர்களே அதிகம். நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய்கூட வாங்காமல், எதையும் வாங்கச் சொல்லாமல், திறமையை வைத்து மட்டுமே வெற்றியாளரைத் தீர்மானித்தால் அது லாட்டரி ஆகாது. 'திறமை' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கிரான் டூரிஸ்மோ போன்ற கார் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றை யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவருக்குப் பரிசு. அப்படியானால் எல்லாருக்கும் ஒரே பாதை, ஒரே கார், ஒரே கடினநிலை. மழை வருவதும் வராததும் கேம் விருப்பத்துக்கு விடப்படக் கூடாது, அமைப்பில் பூட்டிவிடுங்கள். பிரேக்கைத் தானாகப் பிடித்துக்கொடுக்கும் உதவி ஒருவருக்கு இருந்தால் எல்லாருக்கும் இருக்க வேண்டும். ஒருவருக்கு எத்தனை வாய்ப்பு என்பது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். கடைப்பையனின் மைத்துனனுக்கு மூன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று ஆகக் கூடாது. சிறுவர், பெரியவர் என இரண்டு பிரிவு வையுங்கள். இருவர் ஒரே நேரத்தில் முடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: "சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாம்" என்று மைக்கில் அறிவித்துவிடுவார்கள். அந்த ஒரு அறிவிப்பில் காலையிலிருந்து நடந்த திறமைப் போட்டி அதிர்ஷ்டப் போட்டியாகிவிடும். சமமானால் இன்னொரு சுற்று ஓட விடுங்கள், அவ்வளவுதான். விதிகளை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து ஒட்டி, ஒட்டியதைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பரிசாகக் கன்சோலையே கொடுப்பதை நான் விரும்பவில்லை. காரணம் வரி. 10,000 ரூபாயைத் தாண்டும் பரிசு என்றால் 30 சதவீத வருமான வரி. கன்சோலின் விலை 50,000 என்று வைத்துக்கொண்டால் 15,000 ரூபாய். பரிசு பொருளாக இருக்கும்போது, அந்த வரி கட்டப்பட்டதை உறுதி செய்துகொண்டுதான் பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். அது உங்கள் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஜெயித்துவிட்டு மேடையில் துள்ளிக்கொண்டிருக்கும்போது அவன் அம்மாவிடம் போய் "15,000 ரூபாய் கட்டுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். மொத்த விளம்பரமும் அந்த ஒரு நிமிடத்தில் நாசமானது. திறமைப் போட்டிக்கு இந்த வரி பொருந்தாது என்று யாராவது சொன்னால் அதை நம்பி இறங்காதீர்கள். இலவசமாகக் கொடுக்கும் பொருளுக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவும், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும், கிடையாது. 10,000 ரூபாய்க்குள் அடங்கும் கண்ட்ரோலரோ ஒரு கேமோ கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள்.

இனி ஏஜென்ட். அவர் விற்பது என்ன? மாலின் தரையில் கொஞ்சம் இடம், இரண்டு நாள். அந்தத் தரை அவருடையது அல்ல. கோவை புரூக்ஃபீல்ட்ஸ் ஆகட்டும், மதுரை விஷால் டி மால் ஆகட்டும், சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ ஆகட்டும், இப்படிப்பட்ட இடங்களில் தற்காலிக இடம் வாடகைக்கு விடுவதற்கென்றே நிர்வாகத்தில் ஆள் இருப்பார். நேரில் போனால் பேசுவார்கள். ஆனால் சிறுகடைக்காரர்கள் போவதில்லை. அந்தக் கண்ணாடி அலுவலகத்தைப் பார்த்தே தயங்கித் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தில்தான் ஏஜென்டின் பிழைப்பு ஓடுகிறது.

நல்ல ஏஜென்ட்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. மற்றவர்களின் வேலை எப்படி நடக்கும் தெரியுமா? நடுக்கூடத்தின் படத்தைக் காட்டி விலை பேசுவார்கள். கடைசியில் கிடைப்பது மூன்றாம் மாடியில் கழிப்பறைக்குப் போகும் வழி. சனி, ஞாயிறு என்று பேசிவிட்டுப் புதன், வியாழனைக் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரிக்கு ஒதுக்கிய அதே சனிக்கிழமையை அதே ஏஜென்ட் ஒரு மெத்தைக் கடைக்கும் விற்றிருந்தார். இரவு பதினோரு மணிக்கு இரண்டு லாரிகளும் சரக்கு வாசலில் எதிரெதிரே நின்றன. ஏஜென்டின் தொலைபேசி அணைந்திருந்தது. இதில் மால் நிர்வாகத்தைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவர்களிடம் இருந்த தாளில் மெத்தைக் கடையின் பெயர்தான் இருந்தது.

ஆகவே கேட்க வேண்டியது ஒதுக்கீட்டுக் கடிதம். மாலின் கடிதத்தாளில், உங்கள் கடையின் பெயருக்கு, தேதி, நேரம், எந்தத் தளம், எத்தனை சதுர அடி, எத்தனை கிலோவாட் மின்சாரம் என்று எழுதியிருக்க வேண்டும். பணமும் மாலின் கணக்குக்கே நேரடியாகப் போகட்டும். ஏஜென்டுக்கு அவருடைய கூலியை மட்டும் தனியாகக் கொடுங்கள். அப்படிச் செய்தால் ஜி.எஸ்.டி. பில்லும் உங்கள் பெயரில் வரும். 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட வெள்ளைத் தாள் பில் ஆகாது. இன்னொன்றையும் மாலில் கேளுங்கள்: உள்ளே இருக்கும் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு, அது விற்கும் வகைச் சரக்கை வேறு யாரும் அங்கே விற்கக் கூடாது என்ற ஒப்பந்தம் உண்டா? இருந்தால் விளையாட விடலாம், பில் போட முடியாது. ஏஜென்ட் இதைச் சொல்லவே மாட்டார்.

'ஐம்பதாயிரம் பேர் வருவார்கள்' என்று ஏஜென்ட் கணக்குச் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். மாலுக்கு வருபவர் வேறு, உங்கள் கண்ட்ரோலரைக் கையில் பிடிப்பவர் வேறு. நான்கு கன்சோல் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஐந்து நிமிட ஆட்டம், ஆள் மாறவும் கண்ட்ரோலரைத் துடைக்கவும் இரண்டு நிமிடம். ஒரு கன்சோலில் மணிக்கு எட்டுப் பேர். எட்டு மணி நேரத்தில் நான்கிலும் சேர்த்து 256 பேர். நான்கு மால், எட்டு நாள்: 2,048 பேர். ஏஜென்ட் சொன்ன 6 லட்சத்தையும் பரிசுக் கன்சோலின் விலையையும் கூப்பனிலேயே எடுக்க வேண்டுமென்றால் 6,500 கூப்பன் விற்க வேண்டும். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் கணக்கே உதைக்கிறது.

தொலைபேசி எண் சேகரிக்கும் பெண்களை அனுப்புவதாகவும் அவர் திட்டத்தில் எழுதியிருப்பார், பெரும்பாலும் எழுதுவார்கள். வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் சிறுவர்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் விவரத்தை வாங்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். மீறினால் அபராதத்தின் உச்சம் 200 கோடி ரூபாய். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, அமலுக்கு அவகாசம் இருக்கிறது என்று ஒத்திப்போட வேண்டாம். உங்கள் செலவில் சேர்த்த எண்களை ஏஜென்ட் அடுத்த மாதம் ஏதாவது பயிற்சி மையத்துக்கு விற்றுக்கொண்டிருப்பார். பெற்றோரிடம் உங்கள் கடை அட்டையைக் கொடுங்கள். விருப்பம் இருந்தால் அவர்கள் அழைப்பார்கள்.

ஸ்விட்ச் 2 பற்றிக் கேட்டீர்கள். வைக்காதீர்கள். நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. 2025 ஜூனில் வெளிவந்த அந்தக் கருவி இங்கே எல்லாம் வேறு வழிகளில் வந்ததுதான். வீடியோ கேம் கருவிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம் என்று 2012ஆம் ஆண்டு ஆணையிலேயே இருக்கிறது. பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். துபாயிலிருந்து யாரோ பயணப் பெட்டியில் கொண்டுவந்த கருவியில் இவை எதுவும் இருக்காது. கடையின் உள்அலமாரியில் இருப்பது ஒரு விஷயம். விளக்குப் போட்டு நடுக்கூடத்தில் வைத்து மைக்கில் கூவுவது, ஆய்வாளருக்கு நாமே அழைப்பிதழ் அனுப்புவது.

ஒலிபெருக்கி, பாட்டு இரண்டையும் பற்றிப் பேசினாலே எனக்கு அலுப்பு வந்துவிடுகிறது. ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. கேட்கப் போனால் காவல் நிலையத்தில் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் நிலையத்திலிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள். சினிமாப் பாட்டுப் போட்டாலோ, ஒலிப்பதிவுக்கு ஒருவர், பாடல் வரிக்கும் மெட்டுக்கும் இன்னொருவர் என்று உரிமம் கேட்டு வருவார்கள். உரிமம் வாங்கச் சொல்ல யாருக்கு உரிமை என்பதை நீதிமன்றங்களே ஆண்டுக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு நாள் நடக்கும் காட்சிக்கு இத்தனை பேர் வாசலையும் மிதிக்கச் சொல்லும் ஏற்பாட்டை என்னவென்று சொல்வது! பாட்டே வேண்டாம். கேமின் சத்தம் மெதுவாகக் கேட்டால் போதும். அந்தக் கேமைப் பொது இடத்தில் காட்டச் சம்மதம் என்று விநியோகஸ்தரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் மட்டும் வாங்கி வையுங்கள்.

கருவிகளுக்கு வருவோம். கேம் அப்டேட்களை எல்லாம் முந்தைய நாளே கடையில் இறக்கிவிடுங்கள். மாலின் வைஃபையை நம்பினால் சனிக்கிழமை மதியம் வரை நீலக் கோடு நகர்வதைத்தான் கூட்டம் பார்க்கும். கன்சோலை அழகுக்காக மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள், சூடேறி நின்றுவிடும். கத்திக்குத்து, ரத்தம் உள்ள கேம்கள் வேண்டாம்.

கண்ட்ரோலர்களை மேசையோடு கம்பி போட்டுக் கட்டுங்கள். திருட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. 2006இல் நிண்டெண்டோவின் 'வீ' (Wii) கன்சோல் வெளிவந்தபோது, ஆடும் வேகத்தில் மணிக்கட்டுக் கயிறு அறுந்து கண்ட்ரோலர் பறந்ததால், அடுத்த மாதமே அந்நிறுவனம் சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றிக்கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் கன்சோலில் கையை வீசி ஆட வேண்டியதில்லை என்றாலும், தோற்ற கோபத்தில் வீசுகிற பையன் எல்லா ஊரிலும் உண்டு. அவனுக்கு நேர் எதிரே ஐம்பத்தைந்து அங்குல டிவி நிற்கும். அதன் வாடகை ஒப்பந்தத்தில் உடைந்தால் யார் தருவது என்று எழுதியிருக்கிறதா என்பதையும் கையெழுத்துப் போடுமுன் பார்த்துவிடுங்கள்.