புதிய பாய்மரப் பயணப்படகுக்கு முன்பணம் கட்டிய பிறகும் ஏன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்?

படுக்கை, சமையல் மேடை, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றோடு, கடலில் பல நாள் தங்கிச் செல்லத் தக்கவாறு கட்டப்படும் பாய்மரப் படகையே பயணப்படகு என்கிறோம். கொடைக்கானல் ஏரியில் நாம் வாடகைக்கு எடுக்கும் மிதிபடகோடு இதற்கு உறவு மிகக் குறைவு.

கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டக் கொடுப்பவர், சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் தம் முறை வரும்வரை காத்திருப்பதைப் போன்றதுதான் இதுவும். படகில் அந்த முறை, உடற்பகுதிக்கு வடிவம் தரும் வார்ப்பு அச்சைப் பொறுத்தது. ஓர் அச்சில் ஒரு நேரத்தில் ஓர் உடற்பகுதியைத்தான் வார்க்க முடியும். கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காகப் பரப்பிப் பிசின் ஊட்டிய பின், அது இறுகும்வரை அச்சிலிருந்து பிரிக்கக் கூடாது, அவசரப்பட்டால் வடிவம் கோணிவிடும். எஞ்சின், தொட்டிகள் போன்ற பெரிய பொருள்களைப் பொதுவாக மேல்தளத்தை மூடுமுன் உள்ளே இறக்குவதால், அவற்றில் ஒன்று தாமதமானாலும் பின்னால் உள்ள வேலைகள் அப்படியே நிற்கும். ஆகவே மெத்தை உறையின் நிறத்தைப் பற்றி யோசிப்பதைவிட, கூடுதல் தொட்டி வேண்டுமா என்பதை முதலிலேயே எழுத்தில் உறுதி செய்வது நல்லது.

ஒருவர் படகைக் கொச்சியில் நிறுத்த எண்ணி வெளிநாட்டில் வாங்கினால், சரக்குக் கப்பலில் இடம் கிடைப்பதும் சுங்க நடைமுறையும் இந்தக் கணக்கில் சேரும்.

ஒப்பந்தத்தில் காணும் ஒப்படைப்பு நாளே பாய் விரிக்கும் நாள் என்று பலர் எண்ணுகிறார்கள்; அது பெரும்பாலும் படகு ஆலையை விட்டு வெளியேறும் நாள் மட்டுமே, பாய்மரத்தை நிறுத்திக் கம்பிகளை இழுத்துக் கட்டிக் கடலில் ஓட்டிப் பார்ப்பது அதன் பிறகுதான்.