மாட்டுக்குப் போடும் வலி ஊசியும் பாறுக் கழுகும்: வாசகர் கேள்வி–பதில்

கே: பசுவுக்கு மடிநோய். மாட்டு டாக்டர் மெலாக்சிகாம்தான் போடுவேன் என்கிறார். முன்பு டைக்ளோஃபெனாக் போட்டால் மறுநாளே தீனி எடுக்கும். இது அவ்வளவாகக் கேட்பதில்லை. கழுகுக்காக மாட்டை வதைக்கலாமா?
– மசினகுடி வாசகர்

ப: டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்தால், அதைத் தின்னும் பாறுக் கழுகும் சாகும். அதனால்தான் டாக்டர் மெலாக்சிகாம் என்ற வேறு வலி ஊசியைப் போடுகிறார். அதற்காக மாட்டை வதைக்க வேண்டியதில்லை. கேட்காமல் போவதற்குப் பெரும்பாலும் அளவுக் குறைவே காரணம். மெலாக்சிகாம் உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் போக வேண்டும். 300 கிலோ பசுவுக்கு 150 மில்லிகிராம். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள குப்பியானால் 30 மில்லி! அதைப் பார்த்து மிரண்டு 15 மில்லியோடு நிறுத்தினால் பாதி மருந்துதான் உள்ளே போகிறது. மில்லிக்கு 20 மில்லிகிராம் உள்ள குப்பியானால் ஏழரை மில்லி போதும். ஆகவே முதலில் லேபிளில் செறிவைப் பாருங்கள். தசையில் போடும்போது ஓரிடத்தில் 10 மில்லிக்கு மேல் வேண்டாம், கட்டி வீங்கும்; பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

எடையைக் கண்ணால் மதிப்பிட்டால் தப்பும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 = கிலோ. சுற்றளவு 60, நீளம் 55 என்றால் சரியாக 300.

இன்னொன்று: வலி ஊசி வீக்கத்தையும் காய்ச்சலையும்தான் இறக்கும். கிருமிக்கு வேறு மருந்து வேண்டும், மடியில் கட்டிய பாலையும் முழுக்கக் கறந்து கொட்ட வேண்டும். பழியெல்லாம் மெலாக்சிகாம் தலையில் விழுகிறது.

கே: டைக்ளோஃபெனாக்கை 2006லேயே தடை செய்தாயிற்று. பிறகு ஏன் வருஷத்துக்கு ஒரு மருந்தாகத் தடை?
– ஈரோடு வாசகர்

ப: 2006 தடை கால்நடை மருந்துக்கு மட்டும். மனிதர்களுக்கான 30 மில்லி குப்பி கடையில் தாராளமாகக் கிடைத்தது, அது தொழுவத்துக்கு வந்தது. 2015 ஜூலையில் மனிதர்களுக்கான ஊசிக்குப்பியை 3 மில்லிக்குள் அடக்கினார்கள். அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் 2017இல் தள்ளுபடியானது.

இதற்கிடையே மாற்று மருந்துகள் புகுந்தன. அசிக்லோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது, பெயர்தான் வேறு. கீட்டோப்ரோஃபெனும் கழுகைக் கொல்லும். இரண்டுக்கும் 2023 ஜூலை 31 அன்று தடை வந்தது, நிமிசுலைடுக்கு 2024 டிசம்பர் இறுதியில். கழுகுக்கு ஆபத்தில்லை என்று சோதித்து அறிந்தவை மெலாக்சிகாமும் டோல்ஃபெனமிக் அமிலமும். ஃப்ளூனிக்சின் அந்த வரிசையில் இல்லை, தவிர்த்துவிடுங்கள். முதலில் விற்க விட்டு, பறவை செத்த பிறகு தடை போடுவது தலைகீழ் வேலை. கழுகிடம் சோதிக்காத வலி மருந்துக்கு மாட்டுக்கான உரிமமே தரக் கூடாது.

டைக்ளோஃபெனாக் போன்ற மருந்து உள்ளே போனால் கழுகின் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் வெளியேறாமல் ஈரல், இதயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படியும். இரண்டொரு நாளில் மரணம். ஒரே மாட்டைப் பல பறவைகள் தின்பதால், நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும். வெண்முதுகுப் பாறு 1992–2007இல் இந்தியாவில் 99.9 சதவீதம் குறைந்தது. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை, எப்படி ஈடுகட்டும்?

கே: கழுகு அழிந்ததால் 5 லட்சம் பேர் இறந்தார்கள் என்ற செய்தி மிகைதானே?
– கோவை வாசகி

ப: அது மதிப்பீடு, தலை எண்ணிய கணக்கல்ல. 2024இல் வெளியான பொருளாதார ஆய்வு அது. கழுகு நிறைந்திருந்த மாவட்டங்களையும் முன்பே அரிதாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். முதல் வகையில் இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. அதிலிருந்து 2000–2005க்குக் கிடைத்த எண்தான் 5 லட்சம். அழுகும் சடலம், பெருகும் தெருநாய், வெறிநாய்க்கடி, கெட்ட தண்ணீர் என்று காரணம் சொல்கிறார்கள். ஒப்பிடும் முறை நியாயமானதே.

கே: செத்த மாட்டைப் புதைப்பதா, காட்டோரம் விடுவதா?
– சத்தியமங்கலம் வாசகர்

ப: சாவதற்கு முந்தைய ஒரு வாரத்தில் என்ன ஊசி போட்டது என்று பாருங்கள். மெலாக்சிகாம், டோல்ஃபெனமிக் அமிலம் இரண்டையும் தவிர வேறு வலி மருந்தோ, பெயர் தெரியாத ஊசியோ என்றால் புதைத்துவிடுங்கள்: ஆறடிக் குழி, மேலே சுண்ணாம்பு, கிணறு ஓடைக்குத் தள்ளி. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் அடைப்பான் நோயாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். தோலை உரிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மருந்து படாத மாட்டையும் நீங்களாகக் காட்டுக்குள் இழுத்துப் போட வேண்டாம், வனத்துறையிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் புதைத்தால் மாயாற்றங்கரை நீர்மத்தி மரங்களில் கூடு கட்டும் கழுகுக்கு இரை ஏது? புலி அடித்த மாடென்றால் ஆத்திரத்தில் அதன் மேல் குருணை மருந்து (பூச்சிக்கொல்லி விஷம்) தூவாதீர்கள். புலியோடு கழுகுக் கூட்டமும் சாகும், வழக்கும் வரும். சடலத்தைக் கிடந்த இடத்திலேயே விட்டு, போட்டோ எடுத்து, உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்த்தால்தான் இழப்பீட்டு மனு நகரும்.